பார்க்கப் போனவள்

நெல்லையம்மாளுக்கு வயது நாற்பத்து நான்கு. சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சிகளில் நூல் சுற்றுகிறாள். இருபத்திரண்டு வருடமாக அதே கூடம், அதே மூலை. கணவன் சிவராமலிங்கம் அங்கேயே தறி ஓட்டுகிறான். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று.

மின்சாரம் நின்றால் மற்றப் பெண்கள் நூல் மூட்டையில் சாய்ந்துகொள்வார்கள். நெல்லையம்மாள் வெளியே போய்ச் சாலையோரம் நிற்பாள். எந்தப் பஸ் எங்கே போகிறது என்று பார்ப்பாள். மின்சாரம் வந்து தறிகள் ஓடத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்பாள். மேஸ்திரி கூப்பிட்டால்தான் உள்ளே வருவாள்.

கல்யாணமான முதல் வருடம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் ராஜபாளையம் வரை போய்விட்டு வந்தாள். யாரைப் பார்க்க என்று மாமியார் கேட்டாள். யாரையும் இல்லை. மறுவாரம் சிவராமலிங்கம் அவள் செருப்பை எடுத்துப் பரண்மேல் போட்டான். அவள் வெறுங்காலோடு போனாள். அதன்பின் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. வீட்டுச் சோலியை ஏழு மணிக்குள் முடித்துவிட்டுப் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவாள். ஒரு டவுன் பஸ் முடிகிற இடத்திலிருந்து இன்னொரு டவுன் பஸ் கிளம்பும் என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். பனவடலிசத்திரத்தில் இறங்கி அடுத்தது, தேவர்குளத்தில் இறங்கி அதற்கு அடுத்தது. எங்கே எத்தனை மணிக்கு என்பது மனப்பாடம். காசு கொடுக்காமல் திருநெல்வேலியைத் தொட மூன்று ஞாயிறு பிடித்தது. இரண்டு முறை பாதியில் பஸ் தவறி, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டியதாயிற்று. போய்ச் சேர்ந்த அன்று ஒரு டீ குடித்தாள். திரும்பினாள்.

வழி கேட்பதற்கென்று அவளுக்கு ஒரு முறை இருந்தது. கடையில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்க மாட்டாள். தெருக் கூட்டுகிற பெண்ணிடம் கேட்பாள். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, எந்தத் தெருவில் நாய் கடிக்கும், கடைசி பஸ் எப்போது என்பதெல்லாம் கூட்டுகிறவளுக்குத்தான் தெரியும். சாப்பாட்டுக்கு டிரைவர்கள் நுழைகிற கடை. பையில், தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்கிற மாதிரி அவல். ஒரு ஊசி, நூல்.

பிறகு அவள் கைக்கு ஒரு ஸ்மார்ட்போன் வந்தது. வெளிநாடு சுற்றுகிறவர்களின் வீடியோக்களைத் தார் சுற்றிக்கொண்டே பார்த்தாள். முதுகில் பெரிய பையோடு போன பையன்கள் குறைந்த செலவில் ஊர் சுற்றுவது எப்படி என்று விளக்கினார்கள். அதில் பாதி அவளுக்குத் தெரிந்ததுதான். அவ்வளவு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கு யாரும் வழி சொல்ல மாட்டார்கள், விலைதான் சொல்வார்கள் என்று சுப்புத்தாயிடம் சொன்னாள். சுப்புத்தாய் பக்கத்து ராட்டையில் சுற்றுகிறவள். "நீ போயி அவனுக்குப் பாடம் நடத்திட்டு வா" என்றாள்.

போவது என்று அப்போது முடிவாயிற்றா என்று சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால் அதில் ஒரு முத்திரை விழுந்தது: வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதானால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். வேலைக்குப் போகவில்லையே, அதனால் என்ன என்று நினைத்தாள்.

மலேசியாவில் பினாங்கு என்று முடிவு செய்தாள். போனில் பார்த்த படத்தில் ஒரு தீவு இருந்தது. அதற்குப் போக ஒரு கப்பல். கப்பலை விட்டு இறங்கியதும் பஸ் நிலையம். புதன்கிழமை ஏறினால் டிக்கெட் மலிவு. கையில் ஏழு கிலோதான் கொண்டுபோகலாம். அவளுடைய பை நாலரை கிலோ. பெண்கள் மட்டும் தங்குகிற அறையில் ஆறு கட்டிலில் ஒரு கட்டிலை ஐந்து நாளைக்குப் பதிவு செய்தாள். அந்த நாட்டுக்குள் நுழைய மூன்று நாள் முன்னதாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதையும் போனிலேயே நிரப்பினாள்.

கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. சுப்புத்தாய் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எங்கிட்டயாவது உள்ளதச் சொல்லு. வீட்டு வேலையா, ஓட்டல் வேலையா?"

"பாக்கப் போறேன்."

"யார?"

"ஊர."

"நல்லாருக்கு. நாளைக்கு எங்களையும் கூட்டிட்டுப் போ, அங்கன இருக்க தெருவ எல்லாம் எண்ணிட்டு வருவோம்" என்று சொல்லிவிட்டு சுப்புத்தாய் சிரித்தாள். சம்பளம் நல்லதாக இருக்கும், அதனால்தான் மறைக்கிறாள் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை மேசையில் இருந்த அதிகாரியும் என்ன வேலைக்கு என்று அதையேதான் கேட்டார். அவள் அதையேதான் சொன்னாள். அவர் பாஸ்போர்ட்டின் முத்திரையைப் பார்த்தார். அவள் விரல்களைப் பார்த்தார். நூல் அறுத்து அறுத்து ஆள்காட்டி விரலில் ஒரு கோடு விழுந்திருக்கும். அங்கே தெரிந்தவர்கள் யார் என்றார். யாரும் இல்லை என்றாள். வீட்டுக்காரர் போன் நம்பர் கேட்டு, சிவராமலிங்கத்தை அழைத்தார்.

சிவராமலிங்கம் தறியை நிறுத்திவிட்டுப் பேசினான். மதினி மகள் அங்கே இருக்கிறாள், அவளுக்குப் பிரசவம், ஒத்தாசைக்குப் போகிறாள் சார் என்றான். நிதானமாக, மரியாதையாகச் சொன்னான்.

அதிகாரி போனை வைத்துவிட்டு, யாரும் இல்லை என்றீர்களே, பிரசவத்துக்கு மதினி மகள் இருக்கிறாளாமே என்று நெல்லையம்மாளிடம் கேட்டார். அன்று அந்த விமானம் அவள் இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. நின்றபடி கேட்டாள், எந்த மதினிக்கு எந்த மகள் என்று. அவன் திகைத்துப்போனான். நல்லது செய்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தான்.

"ஆபீசுல சும்மா போறாள்னு சொன்னா எவன் விடுவான்? சாதிச் சர்டிபிகேட்டுக்குப் போனாலே என்ன காரியத்துக்குன்னு கேக்கான். ரேசன் கார்டுல பேரு சேக்கப் போனாலும் காரியம் கேக்கான். ஒரு காரியம் வேண்டாமாட்டி?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்தாள். அவளும் தாலுகா அலுவலகத்தில் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பாள்.

கூடத்தில் அது வேறு மாதிரிப் பரவியது. கள்ளத்தனமாக வேலைக்குப் போனவளைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுப்புத்தாய்கூட அந்த வாரம் கேலி பேசவில்லை. ஏஜெண்டிடம் எவ்வளவு ஏமாந்தாய் என்று மெதுவாகக் கேட்டாள். நெல்லையம்மாள் ராட்டையை ஓட்டினாள். எட்டு மாதம் ஒரு ஞாயிறுகூட எங்கும் போகவில்லை. கால் வலி என்றாள். படுத்தால் தூக்கம் பிடிக்காமல் எழுந்து முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஒரு நாள் காலையில் சிவராமலிங்கம் டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டிக்கெட்டு போடு. நானும் ஏர்போர்ட்டு வரைக்கும் வாரேன்" என்றான்.

இந்த முறை அவள் தாள்களோடு போனாள். திரும்பி வருகிற டிக்கெட், கட்டில் பதிவு செய்த சீட்டு, ஆறு நாள் விடுப்புக்குத் தறிக்கூட முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம். எந்த நாள் எந்தப் பஸ் என்று நோட்டுத் தாளில் தன் கையால் எழுதிய திட்டம் ஒன்று. சிவராமலிங்கத்தைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தூணோரம் நின்றான். உள்ளே போகும்போது அவனிடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அவள் நினைத்திருந்தாள். சொல்லிக்கொடுத்தால் அதுவும் ஒரு பொய் மாதிரி வந்துவிடும்.

இந்த முறை மேசையில் ஒரு பெண் அதிகாரி. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கணினியில் பழைய விவரம் வந்திருக்க வேண்டும், முகம் மாறியது. போனை எடுத்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். உங்கள் மனைவி எதற்குப் போகிறார் என்று கேட்டார்.

வெளியே கார்கள் போகிற சத்தத்துக்கு நடுவே சிவராமலிங்கத்தின் குரல் வந்தது.

"பாக்கதுக்குத்தான் போறா மேடம்."

"எதைப் பார்க்க?"

"அது தெரியல மேடம். கேட்டாச் சொல்லத் தெரியாது அவளுக்கும். கல்யாணமான நாள்லருந்து இப்படித்தான். நானும் நிறுத்திப் பாத்தேன். நிக்கல." குரல் தழைந்தது. "பொய்யா ஒரு காரியம் போன தடவ நாந்தான் சொன்னேன். அவ சொல்லல. திங்கக்கெழம வந்திருவா. வரலன்னா என்னயப் பிடிச்சு வைங்க."

அதிகாரி போனை வைத்தார். நெல்லையம்மாள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவன் தன்னைப் பற்றி யாரிடமும் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. முத்திரை விழுந்த சத்தம்கூட அவள் காதில் விழவில்லை. அடுத்து நின்றவர் நகரச் சொன்ன பிறகுதான் நகர்ந்தாள்.

பினாங்கு அவள் நினைத்த மாதிரியும் இருந்தது, நினைக்காத மாதிரியும் இருந்தது. கப்பலில் தீவுக்குப் போகும்போதுதான் காசு, திரும்பும்போது இல்லை. ஒரு முறை சும்மா அக்கரைக்குப் போய் வந்தபோது அதை அவளாகவே தெரிந்துகொண்டாள். முதல் நாள் காலையில் தெருக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சைகையால் தண்ணீர் கேட்டாள். அந்தப் பெண் ஒரு கோயிலின் பின்பக்கக் குழாயைக் காட்டினாள். காட்டிவிட்டு, எங்கே நிழல் இருக்கும், எந்தச் சந்தில் மதியம் சோறு மலிவு என்பதையும் விளக்குமாற்றாலேயே காட்டினாள். பாஷை தேவைப்படவில்லை. அறையில் இருந்த ஐந்து பெண்களும் வெவ்வேறு நாட்டுக்காரர்கள். ஒருத்தி பைக்கு வார் அறுந்துவிட்டது என்று கவலையாக உட்கார்ந்திருந்தாள். நெல்லையம்மாள் ஊசியை எடுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

திட்டம் எழுதிய தாளை இரண்டாம் நாளே மறந்துவிட்டாள். நடந்தாள். உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்தாள். பார்த்த இடத்தைவிட அடுத்த திருப்பம்தான் அவளைக் கூப்பிட்டது.

நாலாம் நாள் டிரைவர்கள் நுழைந்த ஒரு சோற்றுக் கடையில் நுழைந்தாள். கடைக்காரர் மைதீன் பாட்சாவுக்கு அறுபது வயது இருக்கும். அவள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தானே வந்து எதிரே உட்கார்ந்தார். அவருடைய வாப்பாவுக்குக் கடையநல்லூர். சங்கரன்கோவிலுக்குச் சின்ன வயதில் ஒருமுறை வந்ததாகச் சொன்னார். தட்டில் இன்னும் ஒரு துண்டு மீன் வைக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, சமையல்கட்டில் ஒரு ஆள் போய்விட்டதாகச் சொன்னார்.

"ஒரு மாசம் இருந்து பாருங்க. தங்க மேல ரூம் இருக்கு. பேப்பர் விசயமெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

"இல்ல அண்ணாச்சி. நான் பாக்க வந்தேன்."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாவ." அவர் சிரித்தார், குத்தலாக இல்லை. "இந்தப் பெஞ்சுல உக்காந்து ஊரு பாக்க வந்தேன்னு சொன்னவங்கதான் உள்ள தட்டு கழுவுதாங்க. பயப்படாதீய. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

நெல்லையம்மாள் கை அலம்பாமலே பைக்குள் விரலை விட்டு, திரும்பிப் போகிற டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். தேதியைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். நாளை மறுநாளின் தேதி போட்டிருந்தது. அதைக் கிழித்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்பது போல அவளைப் பார்த்தார்.

இவரிடம் எதற்கு இதைக் காட்டுகிறோம் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. மீன்குழம்பு விரல் பட்டுத் தாளின் மூலை மஞ்சளாகியிருந்தது. எடுத்து உள்ளே வைத்தாள். கை அலம்பினாள். இங்கேயிருந்து ரொம்பத் தூரம் போகிற பஸ் எது என்று கேட்டாள். மைதீன் பாட்சா, நூற்றியொன்றாம் நம்பர் என்றார். அது தெலுக் பஹாங்கில் நின்றுவிடும், அங்கே ஒன்றுமில்லை, ரோடு முடிந்து கடல்தான் என்றார். மீன் துண்டுக்குக் காசு வாங்கவில்லை.

ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன இடத்தில் படகுகள் இருந்தன. ஒரு ஆள் படகு எஞ்சினைப் பிரித்து, திருகாணிகளைத் தன் தொப்பியில் போட்டு வைத்திருந்தான். ரோடு முடிந்த இடத்தில் காட்டுக்குள் ஒரு பாதை போயிற்று. அதன் தொடக்கத்தில் அவள் நிற்கும்போது போன் அடித்தது. சிவராமலிங்கம். பின்னால் தறிச் சத்தம். சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கவில்லை.

"அந்த அம்மா எதப் பாக்கன்னு கேட்டப்ப எனக்குச் சொல்லத் தெரியல பாத்தியா. அடுத்த மட்டம் கேட்டா என்ன சொல்லணும்?"

அடுத்த மட்டம் என்கிற வார்த்தையில், இன்னொரு தடவையும் உண்டு என்பதில், அவள் நின்றாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். ஒரு காரணம் மாதிரி எதுவும் கண்ணில் படவில்லை. தொப்பியில் ஆணி போட்டு வைத்திருக்கிறவனைச் சொன்னாள். பஸ் மலையோரம் வளைந்தபோது கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்ததைச் சொன்னாள். விளக்குமாற்றால் வழி காட்டிய பெண்ணைச் சொன்னாள். வேலை தருகிறேன் என்றவரையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் தறி நின்றது. அவன்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"பெறகு?" என்றான்.

"இருங்க, இங்கன ஒரு வழி போகு. போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

பாதை ஈரமாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். இரண்டாவது வளைவில் போனில் அவன் குரல் விட்டு விட்டு வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டது. பாதை இரண்டாகப் பிரிந்தது. கேட்க அங்கே ஆள் இல்லை. அகலம் குறைவான பாதையில் இறங்கினாள்.