ஊர் வரலாறும் என் பூண்டுக்காடும்

இரண்டு முறை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவன் நான். ரோடு போட்டேன், தண்ணீர்த் தொட்டி கட்டினேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. பதவி போனபின் சும்மா கிடக்காமல் ஊர் வரலாறு எழுதினேன் பாருங்கள், அதுதான் வினை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் திண்டுக்கல்லில் அச்சடித்தே வைத்துக்கொண்டேன்.

எங்கள் மலையில் திருவிழா என்றால், ஊரில் முதலில் குடியேறிய வீட்டுக்குத்தான் முதல் பரிவட்டம். தலைமுறை தலைமுறையாக அது மேலத்தெரு வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டுப் பெரியவர் என் சிநேகிதர். என் மனைவி போனபிறகு, சாயங்காலம் என் அடுப்படியில் உட்கார்ந்து குளிர்காய வருகிற ஒரே ஆள். நானோ, முதலில் வந்தது ஓடைக்கரை வீட்டார்தான் என்று எழுதிவிட்டேன். பஞ்சம் பிழைக்க வந்தார்கள் என்றும் சேர்த்தேனா, அவர்களுக்கும் கோபம்! "எங்களப் பரதேசிக் கூட்டமாக்கிட்டீங்களே தலைவரே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிநேகிதர் வருவதும் நின்றது.

பூண்டு எடுப்பு வந்தது. இன்று உன் காட்டுக்கு நான், நாளை என் காட்டுக்கு நீ என்பதுதான் இங்கே வழக்கம். அந்த இரண்டு வீட்டுக்கும் உறவில்லாத வீடு ஊரில் ஏது? இந்த வருஷம் என் காட்டுக்கு ஒருவரும் வரவில்லை. பெருமாள்மலையில் கூலிக்கு ஆள் கேட்டேன். ஊர்ச்சண்டை என்று தெரிந்ததும் ஜீப் ஏற மறுத்துவிட்டார்கள். வானம் வேறு கறுத்துக் கிடந்தது. நனைந்தால் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். தனியாகப் பிடுங்கினேன். இடுப்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "ஏலே, அந்த வரிசையப் பாருலே" என்று கத்த எதிரே ஒரு ஆள் இல்லாததுதான் தாங்கவில்லை.

மத்தியானம் நிமிர்ந்தால் காட்டு மேட்டில் சிநேகிதர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்த ஒரு வரி தப்புன்னு கோயில்ல வச்சுச் சொல்லிருங்க. நாளைக்கு வெள்ளனே ஊரே வந்து பூண்டெடுக்கும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என்னய்யா பேசுறீங்க? நானா கட்டிவிட்டேன்? ஓடைக்கரைக்காரங்கதான் மொதல்ல வந்தாங்கன்னு ஒங்க ஐயா சாகையில சொன்னத, அடுப்படியில ஒக்காந்து எங்கிட்டச் சொன்னது யாரு? நீங்கதான!"

அவர் மறுக்கவில்லை.

"நாந்தான் சொன்னேன்" என்றார். "ஒங்ககிட்டச் சொன்னேன். ஊருக்கா சொன்னேன்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பேசிப் பேசியே ஓட்டு வாங்கியவன் நான். குனிந்து அடுத்த வரிசையைப் பிடுங்க ஆரம்பித்தேன்.