குழலிக்கு ஒரு வெப்சைட்

பார்லர் நாற்காலியில் உட்காருகிறவர்கள் தங்கள் குடும்பக் கதை முழுக்கச் சொல்லிவிடுவார்கள். கத்தரி பிடித்திருக்கிறவளுக்கும் ஒரு குடும்பம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. கடை வைத்திருக்கும் சகோதரிகளே, இது உங்களுக்குத் தெரியாததா? வெப்சைட் என்ற பேச்சு டில்லியில் அடிபடத் தொடங்கிய நாட்களில், சரோஜினி நகரில் இரண்டே நாற்காலி போட்ட என் பார்லருக்கும் ஒன்று வேண்டும் என்று நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிற கத்தரி

முடி வெட்டிக்கொள்ள வந்த ஒரு காலேஜ் பெண், "ஆன்ட்டி, இன்டர்நெட்ல எல்லாரும் முதல்ல தேடறது அவங்கவங்க பேரைத்தான்" என்றாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. என் தங்கை பெயர் குழலி. கூட வேலை பார்த்த பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை போன் செய்தாள். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் பேசாமல் போனை வைத்துவிட்டேன். பாவி, வைத்தேவிட்டேன்!

அவர்கள் கனடா போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்பா ரிடையரானதும் மோதி பாக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். அந்தப் போன் நம்பரும் போயிற்று. பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். இனி அவள் பேச நினைத்தாலும் எந்த நம்பருக்குப் பேசுவாள்? பார்லருக்கு நான் வைத்த பெயரும் குழலிதான். அப்பா முறைத்தபோது, "கூந்தல் சம்பந்தப்பட்ட பேருப்பா" என்று சமாளித்திருந்தேன். அவள் தன் பெயரைத் தேடினால் என் கடை அகப்படட்டுமே!

மறுநாளே மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சேத்தியிடம் போனேன். முதல் பக்கம், ரேட் லிஸ்ட், படங்கள், பாட்டு, திரையில் தானாக ஓடுகிற ஒரு கத்தரி, எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் என்றார். என்னிடம் இருந்ததோ முகத்துக்கு ஆவி கொடுக்கிற ஸ்டீமர் வாங்க வைத்திருந்த ஏழாயிரம். கத்தரியை எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். மனுஷனுக்கு முகமே சுண்டிவிட்டது. "பஹன்ஜி, கத்தரியே ஓடாத பார்லரை யார் நம்புவாங்க?"

மாமியின் யோசனை

கோல் மார்க்கெட்டிலிருந்து மாதம் ஒருமுறை டை அடித்துக்கொள்ள வருவாள் பத்மா மாமி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வெப்சைட் விஷயத்தை அவளிடம் சொல்லித் தொலைத்தேன். அந்தக் காசுக்குப் பெரிய கண்ணாடி போடு, இன்வெர்ட்டர் வாங்கு, நோட்டீஸ் அடித்துப் பேப்பர்காரனிடம் கொடு என்று வரிசையாக அடுக்கினாள். அத்தனையும் நியாயம்தான். எதற்கு வெப்சைட் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் கையில் இருக்கும் டை கிண்ணத்தோடு அழுதிருப்பேன். "ஏண்டி, கனடாலேருந்தா உன்னண்ட தலைமுடி வெட்டிக்க வரப்போறா?" என்றாள் மாமி, குழலி விஷயம் எதுவும் தெரியாமலே.

ழகரம் செய்த வேலை

பெயரைப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு இசட், எச் போட்டு எழுதிக் கொடுத்தேன். சேத்தி அதை வாய்விட்டுப் படித்தார்: "குஜ்லி?" ஹிந்தி தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். அந்த பாஷையில் அதற்கு அரிப்பு என்று அர்த்தம்.

சின்ன வயதில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் குழலியை இப்படித்தான் கேலி செய்தார்கள். அவள் அழுது அடம்பிடித்து ஸ்கூலில் இசட்டை எடுத்துவிட்டு எல் போட வைத்தாள். காலேஜ் போனதும் ரோஷம் வந்து திரும்ப இசட்டுக்கு மாறினாள். இப்போது கனடாவில் எதை எழுதுகிறாளோ, யார் கண்டது? கூடப் பிறந்தவள் தன் பெயரை எப்படி எழுதுகிறாள் என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேனே! இரண்டு பெயரையும் பதியச் சொன்னேன். செலவு ஏறியது, பாட்டை வெட்டினோம். சேத்திக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "எல் போட்டது ஒண்ணு போதும் பஹன்ஜி, அரிப்புன்னு பேர் வச்ச கடையில எந்தப் பொண்ணு தலையைக் கொடுப்பா?"

ஒரே ஒரு போட்டோ

வெள்ளைக்காரப் பெண்களின் படங்கள் இலவசமாகவே கிடைக்கும் என்றார் சேத்தி. வேண்டாம், என் படம் ஒன்று போதும் என்றேன். என் கடையில் வேலை செய்யும் பிம்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லிப்ஸ்டிக்கும் ஐலைனருமாக ஓடிவந்தாள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நரையை மட்டும் டையில் மறைத்து, நடு வகிடு எடுத்துப் பழைய மாதிரி ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டேன். குழலி கடைசியாகப் பார்த்த அக்கா அப்படித்தான் இருந்தாள். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே யாரோ மாதிரி இருந்தது. இவ்வளவு வருஷமா ஓடிவிட்டது! பிம்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தீதி, இது பார்லர் போட்டோவா, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பற போட்டோவா?"

ரேட் லிஸ்டின் கடைசி வரி

வெட்டி வெட்டிக் கடைசியில் ஒரே பக்கம் மிஞ்சியது. கடையின் பெயர், என் போட்டோ, விலாசம், போன் நம்பர், ரேட் லிஸ்ட். லிஸ்டின் அடியில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். குழலிக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறுவாள். அதனால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'போனை வச்சது என் தப்பு. அப்பா இப்ப இல்லை. பேசு.' சேத்தி எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன பஹன்ஜி?" என்றார். ஸ்பெஷல் ஆஃபர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மனுஷன் உற்சாகமாகிவிட்டார். "அச்சா! அப்போ இதைப் பெரிய எழுத்துல போடலாமே!"

வந்த போன்கள்

வெப்சைட்டைப் பார்த்துவிட்டு முதலில் பேசியவர், ஆண்களுக்கு ஷேவிங் உண்டா என்று கேட்டார். அடுத்தவர் எனக்கு இன்ஷூரன்ஸ் விற்கப் பார்த்தார். மாதங்கள் ஓடின. மணி அடிக்கும்போதெல்லாம் ஷாம்பூ கையோடு ஓடுவேன். பிம்லா என்னைக் கேலி செய்வதையே விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலை கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்து "குழலி பியூட்டி பார்லர்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்க நினைத்தது ஆயிரம் இருக்க, "சாப்பிட்டியாடி?" என்றுதான் வாயில் வந்தது. அவள் அழுதாள், நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இங்க யார்கிட்டயும் தலையைக் கொடுக்கப் பிடிக்கலைக்கா. நானேதான் வெட்டிக்கறேன், கோணலா வருது."

ஏழாயிரம் ரூபாயைக் கொட்டி நான் பிடித்தது ஒரே ஒரு வாடிக்கையாளரைத்தான், அவளும் அடுத்த லீவுக்கு வருகிறேன், அடுத்த லீவுக்கு வருகிறேன் என்று சொல்கிறாளே தவிர, இன்னும் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபாடில்லை.