காட்டேஜுக்கு ஒரு காம்பவுண்டு

நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனால் பெங்களூர் ஈஜிபுராவில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள், ஜன்னல் கிரில்லில் பாதி என் கை வேலையாக இருக்கும். கறுப்புக் கண்ணாடி வாங்கக் காசில்லாமல் கண்ணை மூடி மூடி வெல்டிங் கற்றவன், பொம்மசந்திராவில் சொந்தமாக ஷெட் போட்டேன். யாரும் தூக்கிவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடலோர வீட்டை வாங்கியதற்காக என்னைக் கிறுக்கன் என்கிறவர்களில் என் மகனும் ஒருவன்.

தொண்ணூற்றொன்றில் எனக்கு ஷெட் கிடையாது, கூலிதான். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டினார்கள். வராந்தாக்களுக்குக் கம்பி வைக்கப் பெங்களூரிலிருந்து எங்களைக் கூட்டிப்போனார் மேஸ்திரி. மணல்மேல் வரிசையாகக் காட்டேஜ்கள், நடுவில் நீச்சல் குளம், தனியாகச் சாப்பாட்டு ஹால். எங்களுக்குச் சோறு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால். ஒருநாள் வேலை முடிந்ததும் ஒன்பதாம் நம்பர் காட்டேஜ் வராந்தாவில் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். மேனேஜர் வந்தார்.

"எந்திரி, எந்திரி. கெஸ்ட் உக்கார்ற சேர்ல கிரீஸைப் பூசிட்டுப் போறியா?"

என் கண்ணெதிரே தன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். இதையெல்லாம் மறந்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை.

பத்து வருஷத்தில் ரிசார்ட் நொடித்துவிட்டது. மெயின் ரோட்டில் அதைவிடப் பெரிய குளமும் சறுக்கு மரமும் வைத்துப் புதியவர்கள் வந்துவிட்டார்கள். காட்டேஜ்களை ஒவ்வொன்றாக வீடு என்று விற்கிறார்கள் என்று, கேட் செய்யச் சொல்லி என் ஷெட்டுக்கு வந்த ஒரு புரோக்கர் சொன்னார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: "ஒம்பதாம் நம்பர் இருக்கா?"

என் மனைவிக்கு வேறு ஆசை. கல்யாணமான நாளிலிருந்து லீஸ் வீடு மாற்றி லீஸ் வீடு என்று ஈஜிபுராவிலேயே இருந்தோம். எங்கள் சந்தின் கடைசி வீடு அப்போது விலைக்கு வந்திருந்தது.

"அதை வாங்குயா" என்றாள். "கொழாய்ல தண்ணி வந்தா பக்கத்து வூட்டம்மா செவுத்தத் தட்டும். எனக்கு அது போதும்."

"ஈஜிபுரால எவன் வேணா வாங்குவான். கடலுக்கு முன்னாடி வாங்குனவன் நம்ம சனத்துல எவன் இருக்கான், சொல்லு?"

"கடலை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? கொழம்பா வெக்கிறது?"

சிரித்துவிட்டு ஒன்பதாம் நம்பரை வாங்கினேன். ஷெட்டை மகன் கையில் கொடுத்தேன். நாங்கள் இருவரும் குடிபோனோம்.

பால் காய்ச்சுகிற அன்றுதான் அந்த வீட்டில் சமையலறையே கிடையாது என்பது உறைத்தது. விடுமுறைக்கு வந்தவர்கள் ஹாலில் தின்றவர்கள், அவர்களுக்கு அடுப்பு எதற்கு? ஒரு பெரிய அறை, ஆளுயரக் கண்ணாடி, எருமை படுக்கிற அளவுக்கு ஒரு குளிக்கிற தொட்டி, அவ்வளவுதான். உறவுக்காரர்கள் முன்னால் பால் சொம்போடு நின்றாள் என் மனைவி.

"அடுப்பு எங்கயா?"

வராந்தாவில் செங்கல் கூட்டினோம். கடல் காற்று விறகைப் பிடிக்க விடவில்லை. பற்றவைப்பதும் அணைவதுமாக இருந்தது. அப்போது மீன் கூடையோடு ஒரு பெண் எங்கள் முன்புறமாக நடந்து வந்தாள். குப்பத்திலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு அதுதான் குறுக்கு வழி. எங்கள் அவஸ்தையைப் பார்த்தவள், மீனை ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, வெறும் கூடையை அடுப்புக்கு மறைப்பாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். பால் பொங்கியது. உறவுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். என் மனைவி முதல் டம்ளரை அவளுக்குக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அந்தக் குப்பத்துப் பெண்கள் எங்கள் வராந்தாவில் கூடையை இறக்காமல் போனதில்லை. "பெங்களூரக்கா, வெத்தல கீதா?" என்று ஒருத்தி கேட்பாள். "வெத்தல இருக்குது, நீ மொதல்ல அந்த வவ்வால் மீனைக் காட்டு" என்பாள் இவள். மாலையானால் தலை வாரிக்கொண்டு அவர்களுக்காக வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் தானாகவே சொன்னாள்: "இருந்துடலாம் போலதான்யா கீது." மனைவி வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை வாங்குவது எனக்கு அந்த வீட்டை வாங்கியதைவிடப் பெரிய காரியம்.

ஆனால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வீட்டைச் சுற்றி வேலி இல்லை, சுவர் இல்லை. ஒரே மணல், எல்லா காட்டேஜுக்கும் பொது. பெங்களூரில் இருந்தவனுக்குத் தெரியும், காம்பவுண்டு இல்லாத இடம் நம் இடமில்லை. ஈஜிபுராவில் ஒரு காலி சைட்டைச் சும்மா போட்டுவைத்துப் பாருங்கள். எவனாவது நாலு தகரத்தை நிறுத்தி உள்ளே சாமி படத்தை மாட்டிவிடுவான். அப்புறம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான்.

காட்டேஜ்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவர் ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர்.

"மிஸ்டர், இங்க யாரும் சுவர் வைக்கிறதில்ல. வியூ போயிடும்" என்றார்.

"சனிக்கெழம வந்து ஞாயித்துக்கெழம போறவங்களுக்கு வியூ சார். எனக்கு இது வூடு."

எழுப்பினேன். ஆள் உயரத்துக்குச் சுவர், அதன்மேல் ஈட்டி முனைகள், தாமரைப்பூ வைத்த கேட். பொம்மசந்திராவிலிருந்து லாரியில் கொண்டுவந்து, இந்த வயதிலும் நானே வெல்டிங் பிடித்தேன். சங்கம் வக்கீல் நோட்டீஸ் விட்டது. என்னை ஒன்றும் அசைக்க முடியவில்லை.

"நடக்கிற வழிய அடைக்காதயா" என்றாள் மனைவி. "அதுங்க எப்படி வரும்?"

"கேட்டுல பெல் வெச்சிருக்கேன். அடிச்சிட்டு வரட்டும்."

"மீன் கூடையத் தலைல வெச்சிக்கினு எவயா பெல் அடிப்பா?"

பால் காய்ச்சிய அன்று கூடை பிடித்தவள் ஒரே ஒருமுறை கேட் வரை வந்தாள். ஈட்டி முனைகளை அண்ணாந்து பார்த்தாள். "நல்லா உறுதியாத்தான் போட்டுக்கிற, அண்ணே. ஜெயிலு மாரியே கீது." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அதன்பிறகு அவர்கள் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வராந்தாவில் உட்கார்ந்தால் சுவர்தான் தெரியும், கடல் காதுக்கு மட்டும். மாலையில் வெளியே பேச்சுச் சத்தம் கேட்டதும் என் மனைவி எழுந்து உள்ளிருந்தே குரல் கொடுப்பாள். காற்றில் அது அவர்களுக்கு எட்டாது.

மகளின் பிரசவத்துக்கு ஈஜிபுரா போன என் மனைவி திரும்பவில்லை. குழந்தைக்குச் சளி என்றாள், மகளுக்கு இடுப்பு வலி என்றாள். நானே போனேன். குழாயடியில் புடவையைச் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாவிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று.

"கெளம்பு" என்றேன்.

"எங்க?"

"வூட்டுக்கு."

"அது நீ யாரையோ ஜெயிக்கறதுக்கு வாங்குன எடம். ஜெயிச்சிட்ட இல்ல? போய் இரு."

அத்தனை பேர் முன்னால் சொன்னாள். குடத்தை இறக்கிவிட்டு அந்தக் கன்னடத்து அம்மா, "ஊட்டா மாடி அண்ணா, சாப்ட்டுப் போங்க" என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தது. நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

சுவரை இடித்தால் வருகிறாள் என்று மகன் தூது சொன்னான். ஒருநாள் வேலைதான். எங்கே அடித்தால் விழும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இடிக்க மாட்டேன். கட்டினவனிடம் வந்து இடி என்று சொல்வதற்கு ஒரு நாக்கு வேண்டும். அது இவளுக்கே இருக்கிறதென்றால் நான் யாரை நோக?

இப்போது அந்தக் குப்பத்துப் பெண்கள் கையிலும் செல்போன் வந்துவிட்டது. மாலையில் என் சுவருக்கு வெளியே நிழலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் மனைவியிடம் பேசுகிறார்கள். என்னிடம் அவள் பேசுவதில்லை. போன வாரம் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது கேட்டது: "அக்காவுக்குக் கண்ணு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிச்சாம்டி. கட்டு அவுத்துட்டாங்களாம்."

ஆபரேஷன் என்றே எனக்கு யாரும் சொல்லவில்லை. எந்தக் கண் என்று கேட்கக் கேட் வரை போனேன். பூட்டைத் திறப்பதற்குள் அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.