மயங்கி உண்டேன்

இறந்துபோன அப்பாவின் நோட்டைத் திறந்ததும் பச்சைத்தோல் வாடை எழுந்தது. மும்பை செம்பூரில் இப்போது நான் இருக்கும் வீட்டின் ஜன்னல்களைத் திறந்து வைத்தும் போகவில்லை.

எண்பதுகளில், தாராவியில் எங்கள் ஒற்றை அறை முழுக்க அந்த வாடைதான். அப்பா தோல் கம்பெனியிலிருந்து வந்து, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, ஏதேன் தோட்டத்தைப் பற்றிய தன் காவியத்தை எழுத உட்காருவார். குடும்ப ஜெபம் முடிந்ததும் அன்று எழுதியதை அக்கா வாசிக்க வேண்டும்.

அக்காவை வடாலா ஸ்டேஷனில் ஒரு மராத்திப் பையனோடு பார்த்ததாக யாரோ சொன்ன அன்று, கனியைத் தின்ற ஏவாளின் பாவ அறிக்கையை எழுதி அவளிடம் நீட்டினார். 'மயங்கி உண்டேன், மன்னியும் தேவா' என்று தொடங்கியது.

அக்கா நிதானமாக வாசித்தாள். "விரும்பி உண்டேன், மன்னியும் தேவா."

"ஏட்டி, மயங்கின்னுல்லா எழுதிருக்கேன். அப்படியே படி. நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"தெரியும்ப்பா. ஆனா நான் மயங்கல."

அப்பாவின் விரல்கள் தொடையில் தட்டிப் பார்த்தன. சொல் மாறியும் தாளம் தப்பவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போன அக்கா திரும்பவில்லை. அப்பா சாகும்வரை அவள் பேரைச் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 'மயங்கி'யை அடித்து 'விரும்பி' என்று எழுதியிருக்கிறார். அதையும் அடித்து மறுபடி 'மயங்கி'. வெவ்வேறு மையில், எத்தனை வருடமாகவோ. கடைசியில் தாள் நைந்து அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. அதன் வழியே அடுத்த பக்கம் தெரிகிறது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.