கழுத்தில் கட்டி, கையில் ஆங்கிலக் கவிதை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். இந்த ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு வேலையாக மனைவி கலாவோடு போனேன். காலையில் லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் ‘ஆங்கிலக் கவிதையில் மரணம்’ என்று பேச வேண்டும். மாலை நாலு மணிக்கு என் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த சோதனையின் முடிவை ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டும். பேச ஒப்புக்கொண்டபோது கட்டி இல்லை. இருந்திருந்தால் ‘ஆங்கிலக் கவிதையில் வசந்தம்’ என்று மாற்றச் சொல்லியிருப்பேன்.

வீராப்பாகத்தான் பேசினேன். அந்தக் கவிஞர்களில் சிலர் சாவைத் தூக்கம் என்று தட்டிக்கொடுப்பார்கள். சிலர் எதிரே நிறுத்தித் திட்டுவார்கள். சிலர் காதலியைப்போல வா வா என்பார்கள். என் இடது கையோ கட்டியைத் தடவிக்கொண்டே இருந்தது. கடைசி வரிசையிலிருந்து கலா ‘கையை எடுங்க’ என்று ஜாடை காட்டினாள்.

“சார், அவங்க யாருமே பயப்படலையா?” என்றாள் ஒரு மாணவி.

“பயந்தாங்கம்மா. ஆனா பயத்துக்கும் எதுகை போட்டுட்டாங்க.”

கைதட்டல். என் கை மறுபடி கட்டிக்குப் போனது.

மூன்று மணிக்கு ஆட்டோ. ஆஸ்பத்திரிக்கு அறுபது ரூபாய். “இன்னா சார், காலேஜ்ல ஃபங்ஷனா?” என்றார் டிரைவர்.

வாய் சும்மா இருக்குமா? “சாவு விஷயம்ப்பா.”

“ஐயோ, யாரு சார்?”

“நெறைய பேரு. எல்லாம் வெள்ளைக்காரங்க.”

மனுஷன் வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கொஞ்ச தூரம் போய், தணிந்த குரலில் கேட்டார்: “பாடி எத்தினி மணிக்கு சார் குடுப்பாங்க?”

நான் சட்டைக் காலரைக் கட்டிமேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கலா, “வரோம்ணே” என்றாள். அவர் பதில் சொல்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார். துக்கக்காரர்களிடம் ‘வரேன்’ சொல்லக் கூடாதே! மரியாதைதான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் ஓடினேன்.

“யோவ், யாரும் சாவலய்யா! வரேன்னு சொல்லிட்டுப் போய்யா!”

“வரேன் சார், வரேன் சார்” என்று மிரண்டுபோய் இரண்டு தரம் சொன்னார்.

“இங்லீஷ்ல அவ்ளோ தைரியம், தமிழ்ல இவ்ளோ ஓட்டமா?” என்றாள் கலா. அதோடு சரி. உள்ளே காத்திருந்தபோது அவள் பேசவே இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் அவள் இப்படி வாயடைத்து நான் பார்த்ததில்லை. அதுதான் பெரிய பயம். காலையில் மூச்சு விடாமல் சொன்ன கவிதைகளில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பயப்பட ஒண்ணுமில்ல. வெறும் கொழுப்பு.”

“இத நான் கல்யாணமான மறுநாளே சொல்லிட்டேன் டாக்டர்” என்றாள் கலா.

வெளியே வந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகினாள். திறக்கவில்லை. நான் வாங்கித் திருகினேன். எனக்கும் முடியவில்லை. காவலாளி ஒரே திருகில் திறந்து கொடுத்தார்.

இதே வேலையாகப் புதுச்சேரி போகிறவர்களுக்கு: மதியச் சாப்பாட்டை முடிவு தெரிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் இறங்காது. தனியாகப் போகாதீர்கள். தைரியசாலியாகப் பார்த்துத் தேடவும் வேண்டாம். உங்களைவிடக் கூடுதலாகப் பயப்படுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.