எக்ஸ்ரே அறையில் ஆடிய கை

போன செவ்வாய்க்கிழமை என் பேத்தி மோனிஷா சைக்கிளிலிருந்து விழுந்தாள். ஆறு வயசு. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் டாக்டரிடம் காட்டினோம். "ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்றார்.

குழந்தையின் முகம் சுருங்கியது. "எக்ஸ்ரேன்னா இன்னா தாத்தா? வலிக்குமா?"

யாரிடம் கேட்கிறாள்? அஞ்சாம் கிளாஸோடு நின்று, வெல்டராக ஆரம்பித்து, இன்று நாற்பது பேருக்கு வேலை கொடுப்பவனிடம்! இந்தக் கதை ஊருக்கே மனப்பாடம்... இருந்தாலும் சொல்வேன். வெல்டிங் ஜாயின்ட்டையும் எக்ஸ்ரே எடுத்துத்தான் பாஸ் பண்ணுவார்கள். நான் வைத்த ஜாயின்ட் ஒன்றுகூட ஃபெயில் ஆனதில்லை.

"எனக்குத் தெரியாத எக்ஸ்ரேவா கண்ணு? நம்ம கம்பெனியில எடுக்கச்சொல்ல நீ பாக்கணுமே! சுத்தி கயிறு கட்டி, செவப்பு லைட்டு போட்டு, அத்தினி பேரும் தூர ஓடிடுவோம்!"

மோனிஷா எதிரே இருந்த எக்ஸ்ரே அறைக் கதவைப் பார்த்தாள்.

"அப்போ... நா மட்டும் உள்ள இருக்கணுமா?"

தைரியம் சொல்லப் போனவன் செய்த காரியத்தைப் பார்த்தீர்களா? குழந்தை பக்கத்தில் நின்ற அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்தாள். விடவே இல்லை.

"இன்னா மாமா நீங்க!" என்றாள் மருமகள். "நானும் உள்ள போவ முடியாதே." அவளுக்கு ஐந்தாம் மாசம்.

எக்ஸ்ரே எடுக்கும் பெண் வெளியே வந்து, குழந்தை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"தாத்தா சொன்னது இரும்புக்கு, பாப்பா. அது பெரிய மிஷினு. இது கைக்கு ஒரு போட்டோ, அவ்ளோதான். வலிக்காது. ஒண்ணு, ரெண்டு எண்றதுக்குள்ள முடிஞ்சிடும். நீ ஆடாம இருந்தா போதும். கூட யாரு வரணும்?"

மோனிஷா என்னைப் பார்த்தாள். "தாத்தா. ஆனா ஓடக்கூடாது."

ஈயம் வைத்த கனமான அங்கியை எனக்கு மாட்டினார்கள். குழந்தை இடது கையைப் பலகைமேல் வைத்தாள். வலது கை என் கைக்குள். மிஷின் தலைக்குமேல் நகர்ந்து வந்தது.

நெருப்புக்கு முன்னால் ஆடாத கை ஐயா, என் கை! அன்று ஆடியது.

"தாத்தா, பயப்படாத," என்றாள் மெதுவாக. "நா கீறேன்ல?"

டிக். முடிந்தது.

எலும்பில் முடி அளவு விரிசல்தான். கட்டுப் போட்டால் தானாகக் கூடிவிடுமாம்.

இனி என் பெருமைகளில் முதல் பெருமை இதுதான் - நான் ஓடவில்லை.