அதிகாரி வீட்டுப் பெண்

பெரிய பள்ளிக்கூடத்து வாசலில் பன்னிரண்டு வருடமாகக் காவலுக்கு நின்று நின்று அவருக்குக் கால் நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. கார் வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பொடியனுக்கும் சல்யூட் வைக்க வேண்டும். சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, காவலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிக்காரன் பட்டத்தைக் கூட்டிக் கொடுத்தான். கழுத்து அட்டையில் ‘பாதுகாப்பு அதிகாரி’ என்று அச்சடித்தான். பேருக்குத்தான் அதிகாரி, உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது.

அவர் மகள் படித்ததோ மழை பெய்தால் லீவு விடுகிற பள்ளிக்கூடம். கணக்கு வாத்தியார் பாதி வருடம் வரவே இல்லை. அப்படியும் பத்தாவது பொதுத்தேர்வில், அப்பா சல்யூட் வைக்கும் பிள்ளைகளையெல்லாம் முந்திவிட்டாள். ஏழைப் பிள்ளைகளை இலவசமாக மேலே படிக்க வைக்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாள். கிடைக்காவிட்டால் தையல் கம்பெனிதான் என்பது அவளுக்கும் தெரியும்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. தகப்பன் தொழில் என்ற இடத்தில் ‘அதிகாரி’ என்று இருந்ததாம். அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு உதவி?

பாவம், அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு உதவித்தொகை அலுவலகத்துக்கு ஓடினார். இவர் காவலாளிதான் என்று கம்பெனியிடம் எழுதி வாங்கி, அன்று மாலை ஐந்து மணிக்குள் கொண்டு வரச் சொன்னார்கள். கம்பெனி மேனேஜரோ, எங்களிடம் காவலாளியே கிடையாது, எல்லோரும் அதிகாரிகள்தான் என்று கையை விரித்தான். கெஞ்சிப் பார்த்தார். மணி ஐந்தாகிவிட்டது. கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தார்.

“எல்லாம் இந்தப் பாழாப்போன அட்டையாலதாம்மா. உன்மேல தப்பில்ல.”

மகள் போய் அதை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

“அட்டையைப் பாத்து எழுதலப்பா. டீச்சர் காவலாளின்னுதான் எழுதச் சொன்னாங்க. ஆனா ஃபாரத்தையெல்லாம் வாங்கி அடுக்குனது எங்க கிளாஸ் பொண்ணுங்க. அதைப் படிச்சுப் பாப்பாங்களேன்னு...”

அவர் மேலே கேட்காமல் விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“வெக்கமா இருந்துச்சாம்மா?”

அவள் குனிந்தபடியே ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தையல் கம்பெனியில் திங்கட்கிழமை ஆள் எடுக்கிறார்கள் என்பதையும் பிறகு அவளே சொன்னாள்.